பேண்ட் நீளம் குறைக்கணும், வீட்டில் இருப்பது பழைய கால் மெஷின்

எடப்பள்ளிக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் எடப்பள்ளியில் இருக்கிறோம். வீட்டுக்காரர் உயரம் ஐந்தடி நாலு இன்ச், இடுப்பு 34. கடையில் எடுத்தாலும் ஆன்லைனில் வாங்கினாலும் இடுப்புக்குச் சரியான பேண்ட் கால் பக்கம் தரையில் புரள்கிறது. உள்கால் 32 என்று போட்டு வருகிறது, இவருக்கு 28 போதும். இங்கே மேடும் பள்ளமுமாக நடக்கிற ஊர், மழை நாளில் பாட்டம் முழுக்க சேறாகி, குதிகால் படும் இடத்தில் துணி நைந்தே போய்விடுகிறது.

இப்போது கையில் நாலு பேண்ட் இருக்கிறது. ஒன்று ஜீன்ஸ். ஒன்று வேலைக்குப் போட்டுப் போகிற கறுப்பு டெரிகாட்டன். இன்னொன்று கீழே போகப் போகக் குறுகிக்கொண்டே வருகிற காட்டன் பேண்ட். நாலாவது பையனுடைய யூனிஃபார்ம் பேண்ட். அவன் ஆறாம் வகுப்புக்குப் போகிறான், வளர்கிற வயசு. வழக்கமாகக் கொடுக்கிற டெய்லர், ஸ்கூல் திறக்கிற நேரம் என்பதால் இப்போதைக்கு ஆல்ட்ரேஷன் எதுவும் எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் மாமியாருடைய கறுப்பு கால் மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது. ஜாக்கெட், நைட்டி, சேலைக்கு ஃபால்ஸ் எல்லாம் அதில்தான் தைக்கிறேன். பேண்டில் மட்டும் இதுவரை கை வைத்ததில்லை. பழைய ஜீன்ஸ் துண்டு ஒன்றை மடித்து ஓட்டிப் பார்த்தேன். சைடு தையல் வருகிற இடத்தில், துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட் ஒருபக்கம் தூக்கிக்கொள்கிறது, தையல் விட்டு விட்டு விழுகிறது. கால் குழாய் மாதிரி இருப்பதால் அதை மெஷின் பலகையில் எப்படிப் போடுவது என்பதும் பிடிபடவில்லை. குறுகலான பேண்டை சும்மா மடித்துக் குண்டூசி குத்தினாலே சுருக்கம் விழுகிறது.

தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். மெஷினை மாற்று என்று மட்டும் சொல்லாதீர்கள், அது ஓடுகிற மெஷின்.


ஃபிங்கர்போஸ்ட் ஊட்டி எழுதியது:

அவசரம் என்றால் அயர்ன் பண்ணி ஒட்டுகிற டேப் ஃபேன்ஸி கடையில் கிடைக்கும். மடிப்புக்கு உள்ளே வைத்து சூடாகத் தேய்த்தால் பிடித்துக்கொள்ளும். கறுப்பு பேண்டுக்கு நான் அதைத்தான் செய்கிறேன், வெளியே தையலே தெரியாது. ஜீன்ஸுக்கு அது நிற்காது.


கோத்தகிரி தையலக்கா எழுதியது:

தங்கச்சி, உங்கள் மெஷின் தாராளமாகப் போதும். கோத்தகிரியில் வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறேன், என்னிடம் வருவதில் பாதி பேண்ட் பாட்டம்தான். நேர்த்தையல் கால் மெஷினில் ஜீன்ஸ் வரைக்கும் தைக்கலாம். டேப் ஒட்டுவது ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போக சரி. தினமும் போட்டுத் துவைக்கிற துணிக்குத் தையல்தான் வேண்டும்.

முதலில் ஒன்று கேளுங்கள். கத்திரியைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். என்னிடம் கண்ணீரோடு வருகிற பேண்ட் எல்லாமே முதலில் வெட்டிவிட்டு அப்புறம் அளந்தது. நீளமாக இருப்பதைக் குட்டையாக்க எப்போது வேண்டுமானாலும் முடியும். குட்டையானதை நீட்ட ஒட்டுத்துணி தேட வேண்டும், அது எப்படிச் செய்தாலும் ஒட்டு என்று தெரியும்.

ஆகவே புதுப் பேண்டை அப்படியே அளக்காதீர்கள். துவைத்து, நன்றாகக் காய வைத்து, அயர்ன் பண்ணிய பிறகுதான் அளவு டேப் எடுக்க வேண்டும். காட்டனும் ஜீன்ஸும் முதல் தண்ணீரில் ஏறும். 30 இன்ச் நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே ஏறக்குறைய ஒரு இன்ச் போய்விடும், அவ்வளவும் கணுக்காலில் தெரியும். நம் மலையில் இதில் ஒரு சங்கடம் உண்டு. மூடுபனி பிடித்துவிட்டால் ஜீன்ஸ் காய நாள்கணக்காகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், இடுப்புப் பட்டியிலும் சைடு தையலிலும் ஈரம் நிற்கும். அந்த ஈரத்தோடு அளந்தால் காய்ந்த பிறகு வேறு அளவு காட்டும். கோத்தகிரியிலும் உங்கள் குன்னூரிலும் ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிய மழை, அந்த மாதங்களில் நான் ஜீன்ஸ் ஆல்ட்ரேஷனை இரண்டு வெயில் பார்க்காமல் தொடுவதே இல்லை.

காய்ந்த பிறகு அவரைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். எந்த பெல்ட் கட்டுவாரோ அதைக் கட்டி, எந்த ஷூ போடுவாரோ அதைப் போட்டு, சமதரையில் நிற்க வேண்டும். வாசலில் நிறுத்தாதீர்கள், நம் ஊர் வாசல் எல்லாம் சரிவு. அவர் குனிந்து பார்க்கக் கூடாது, பார்த்தால் பின்பக்கம் மேலே ஏறிவிடும். பின்னால் உட்கார்ந்து, ஷூவின் குதி தொடங்குகிற இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அடுத்த காலுக்கும் தனியாகக் கோடு. ஒரு கால் கொஞ்சம் ஏறி நிற்பவர்கள் நிறையப் பேர், இடுப்பு சாய்ந்து நிற்கிற பழக்கமும் உண்டு. ஒரு காலை அளந்து மற்றதற்கும் அதையே வைத்தால் அந்த வித்தியாசம் வெளியே வந்துவிடும்.

இனி ஒவ்வொரு பேண்டாக வருகிறேன்.

கறுப்பு பேண்ட் எளிது. பழைய பாட்டம் தையலைப் பிரித்து, மடிப்பைத் தேய்த்து நேராக்குங்கள். கோட்டுக்குக் கீழே 2 இன்ச் விட்டு, மீதி எவ்வளவு என்று பார்த்து வையுங்கள், வெட்டாதீர்கள். பிறகு கோட்டில் மடக்கி, பின்னால் பிரித்துவிடுகிற மாதிரி கையால் பெரிதாகக் கச்சாத் தையல் போட்டு, ஒரு நாள் அப்படியே போட்டுப் போகட்டும். மாடிப்படி ஏறி, பஸ்ஸில் உட்கார்ந்து, வீடு திரும்பிய பிறகு அவரே நீளம் சரியா என்று சொல்லிவிடுவார். அப்புறம் மீதியை வெட்டி, ஓரத்தை ஒரு கால் இன்ச் உள்ளே மடித்து அந்த மடிப்பில் மட்டும் மெஷின் தையல் ஓட்டுங்கள், ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் இல்லாத குறை தீர்ந்தது. பிறகு மறுபடி கோட்டில் மடக்கிக் கையால் ஹெம்மிங் செய்யுங்கள். ஹெம்மிங்கை மெஷினில் அடித்தால் வெளியே கோடு தெரியும், டெரிகாட்டனில் அது மலிவாகத் தெரியும்.

ஹெம்மிங்கில் ஊசி வெளித்துணியில் ஒரே ஒரு இழையைத்தான் தொட வேண்டும். நுனி மழுங்கிய ஊசி ஒரு இழைக்குப் பதில் நாலை இழுத்து வரும், வெளியே புள்ளி புள்ளியாகக் குழி விழும். நூலையும் சுண்டி இழுக்காதீர்கள், மடிப்புக்கும் துணிக்கும் நடுவே கொஞ்சம் தளர்வாகவே கிடக்கட்டும். ஊசிக்கு நாம் எங்கேயும் அலைய வேண்டாம், எல்லநள்ளி நீடில் இண்டஸ்ட்ரீஸில் செய்கிற போனி ஊசிதான் ஊர் முழுக்க இருக்கிறது. மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். நம் பக்கத்தில் செய்கிற ஊசியால் தைக்கிறோம் என்பதில் எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தோஷம் உண்டு.

அயர்ன் பண்ணும்போது கறுப்புத் துணி மேல் நேராகப் பெட்டியை வைத்தால் பளபளப்பு விழுந்து அது போகவே போகாது. பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, பெட்டியை அழுத்தி எடுங்கள், இழுக்காதீர்கள். கம்பளிப் பேண்டுக்கும் இதே முறைதான்.

இப்போது ஜீன்ஸ். தையல் விட்டு விட்டு விழுவதற்கு முதல் காரணம் ஊசியாக இருக்கும். ஜாக்கெட்டுக்குப் போடுகிற 11-ஆம் நம்பர் ஊசி ஜீன்ஸின் மடிப்பில் வளையும். வளைந்த ஊசி கீழே ஷட்டிலின் கொக்கியில் நூலைக் கொடுக்காது, அதுதான் விட்ட தையல். 16-ஆம் நம்பர் போடுங்கள், ரொம்ப கெட்டித் துணி என்றால் 18. காட்டன் பேண்டுக்கு 14. தையல் நீளத்தையும் கூட்டுங்கள். ஜாக்கெட் தையல் அளவில் ஜீன்ஸ் அடித்தால் மேடான இடத்தில் ஊசி நின்ற இடத்திலேயே குத்தும். ஒரு தையல் மூன்று மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும்.

அந்த சைடு தையல் மேடு இருக்கிறதே, அங்கே உள்ளே துணி எட்டு பத்து மடங்காக இருக்கும். மடக்குவதற்கு முன்னால், மடிப்புக்குள் போகிற பகுதியில் இருக்கிற தையல் ஓரத்தைக் கொஞ்சம் நறுக்கிக் குறையுங்கள். மடித்த பிறகு அந்த மேட்டின் மேல் ஒரு துணி வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், படிந்துவிடும். தைத்துக்கொண்டே வரும்போது ஃபுட்டின் முன்பக்கம் மேட்டில் ஏறுகிற இடத்தில் நிறுத்துங்கள். ஊசி துணிக்குள் இறங்கி நிற்கட்டும். ஃபுட்டைத் தூக்கி, அதன் பின்பக்கத்துக்கு அடியில் நாலாக மடித்த ஜீன்ஸ் துண்டைச் செருகி ஃபுட்டை இறக்குங்கள். முன்னும் பின்னும் ஒரே உயரமாகிவிட்டால் ஃபுட் சாயாது, அடியில் இருக்கிற பல்லும் துணியை ஒழுங்காக இழுக்கும். மேட்டைத் தாண்டும் வரை மிதிக்க வேண்டாம், கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுபக்கம் இறங்கும்போது துண்டை முன்பக்கம் மாற்றி வையுங்கள். தையலை எப்போதும் மேட்டிலிருந்து தொடங்காதீர்கள், உள்கால் தையலுக்கு ஒரு இன்ச் தள்ளித் தொடங்குங்கள்.

மெஷினின் தோல் பெல்ட்டையும் பாருங்கள். ஈரக்காற்றில் அது தொய்ந்துவிடும். மெல்லிய துணியில் தெரியாது, ஜீன்ஸில் மிதித்தால் கால் மட்டும் ஓடும், ஊசி இறங்காது. கொஞ்சம் வெட்டிக் கிளிப்பை மாட்டினால் சரியாகும். எண்ணெய் விடும்போது மெஷின் எண்ணெய்தான் விட வேண்டும். தேங்காய் எண்ணெய் நம் குளிரில் டப்பாவிலேயே உறைந்து கிடக்கிறது, மெஷினுக்குள் போனால் அங்கேயும் உறைந்து மெஷினையே இறுக்கிவிடும்.

குழாயைப் பலகையில் போடுவது எப்படி என்று கேட்டீர்கள். காலுக்கு வெளியே நின்று தைக்கப் பார்த்தால் நடக்காது, குழாயின் உள்ளேதான் ஃபுட் இருக்க வேண்டும். பேண்ட் நல்லபக்கம் வெளியே இருக்கும்படி வைத்து, பாட்டத்தின் வாயை விரித்து ஃபுட்டுக்கு அடியில் ஒரு பக்கத்தை மட்டும் விடுங்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி மேலிருந்து பார்த்தால் மடித்த ஓரம் கண்முன்னால் தெரியும், அந்த ஓரத்தை ஒட்டியே வட்டமாக ஓட்டிக்கொண்டு போகலாம். மற்ற பக்கம் அடியில் மாட்டாமல் இடது கையால் விலக்கிக்கொண்டே இருங்கள். இப்படித் தைத்தால் வெளியே தெரிவது அடியில் ஓடுகிற பாபின் நூல். ஆகவே நிறம் பார்த்துப் போட வேண்டிய நூலைப் பாபினில் சுற்றுங்கள். ஜீன்ஸுக்குக் கடையில் வருகிற மாதிரி தடித்த மஞ்சள் நூல் வேண்டுமென்றால், அதை மேலே ஊசியில் போட்டு, பேண்டை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிக்கொள்ளுங்கள். அப்போது குழாய்க்குள் ஊசிக்கு நேராக வருவது நல்லபக்கம். மடிப்பு அடியில் போய்விடுவதால் முதலில் கச்சா அடித்துக்கொள்வது நல்லது.

கடையில் வந்த பாட்டமே இருக்க வேண்டும், அந்த வெளுத்த ஓரம் போகக் கூடாது என்றால் அதற்கும் வழி உண்டு. 4 இன்ச் குறைக்க வேண்டுமென்றால் பாட்டத்தை வெளிப்பக்கமாக மேலே மடக்கி, பழைய பாட்டம் மடிப்பான பட்டியின் மேல்விளிம்பிலிருந்து புது மடிப்பு வரைக்கும் 2 இன்ச் இருக்கும்படி வையுங்கள். மடிப்பில் துணி இரட்டையாக வருவதால் 2 இன்ச் என்பது 4 குறையும். பட்டியையும் சேர்த்து அளந்துவிடாதீர்கள். பட்டியின் விளிம்பை ஒட்டிச் சுற்றித் தைத்து, பட்டியைக் கீழே இறக்கினால் மீதித் துணி உள்ளே போய்விடும். தேய்த்துவிட்டால் அந்தத் தையல் பட்டியின் நிழலில் மறைந்துவிடும். கால் நேராக இருக்கிற ஜீன்ஸில்தான் இது அழகாக வரும், குறுகும் மாடலில் பழைய பட்டியின் வட்டம் மேல் வட்டத்தோடு சேராது.

அந்தக் குறுகல் பேண்டில் சுருக்கம் விழுவதும் இதனால்தான். மடித்து மேலே திருப்புகிற துணி கீழ்ப்பகுதி, அதன் சுற்றளவு சின்னது. போய் உட்கார வேண்டிய இடம் பெரியது. பத்தாத துணி மேல்துணியை இழுக்கிறது. மடிப்பை ஒரு இன்ச்சுக்குள் வையுங்கள். புதுப் பாட்டம் கோட்டுக்குக் கீழே இருக்கிற சைடு தையல்களை மட்டும் பிரித்து, கோட்டிலிருந்து வெளிப்பக்கம் சாய்வாக விரித்து மறுபடி அடியுங்கள், தையலுக்குள் விட்டிருக்கிற துணி அதற்குப் பயன்படும். அதுவும் பத்தவில்லை என்றால் பிரித்த இடத்தை விரிந்தபடியே விட்டு ஓரம் மட்டும் அடித்துக்கொள்ளலாம். உள்ளே போகிற பகுதி, யாருக்கும் தெரியாது.

4 இன்ச் எடுத்த பிறகு பாட்டம் முன்பைவிட அகலமாகத் தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள், குறுகின பகுதியைத்தானே எடுத்துவிட்டோம். வாங்கிய அன்றைய பாட்டம் அகலத்தை முதலிலேயே குறித்து வைத்து, மடிப்பதற்கு முன்னால் முழங்காலிலிருந்து கீழே சைடு தையலைச் சாய்வாக உள்ளே எடுத்து அந்த அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு வரித் தையல் இல்லாத பக்கம் எதுவோ அதில் செய்யுங்கள், ஜீன்ஸில் அது பெரும்பாலும் வெளிப்பக்கம்.


எடப்பள்ளிக்காரி எழுதியது:

அக்கா, குழாய்க்குள் ஃபுட் என்று நீங்கள் சொன்னதுமே சட்டென்று புரிந்துவிட்டது. 16-ஆம் நம்பர் ஊசி போட்டு, பின்னால் துண்டு செருகி, பழைய ஜீன்ஸ் துண்டில் அடித்துப் பார்த்தேன். மேட்டில் ஒரு தையல் கூட விடவில்லை. நல்ல ஜீன்ஸைத் துவைத்துப் போட்டிருக்கிறேன், இன்னும் காயவில்லை. கறுப்பு பேண்டைக் கச்சாவோடு இன்று போட்டுப் போயிருக்கிறார்.

பையனுடைய யூனிஃபார்ம் மட்டும் பாக்கி. உள்ளே துணி நிறைய விட்டால் பாட்டம் கனமாகி முட்டிக்கொண்டு நிற்கிறது. அப்புறம் அடுத்த வருஷம் இறக்கிவிட்டால் பழைய மடிப்புக் கோடு தெரியுமே, அதற்கு என்ன செய்வது?


கூடலூர் பக்கம் எழுதியது:

அக்கா, ஒரு சின்ன விஷயம். நாங்கள் தேவாலா பக்கம், ஆனி ஆடி முழுக்க மழைதான். வேலைக்குக் கம்பூட் போடுகிறவர்களுக்குப் பாட்டம் கணுக்காலுக்கு மேலே முடிவதுதான் நல்லது. நீளம் விட்டால் பூட்டுக்குள் சுருண்டு கால் புண்ணாகும். அட்டை கடிக்காமல் இருக்க சாக்ஸை பேண்ட் மேல் இழுத்துவிடுகிறோம், அப்போதும் தடித்த மடிப்பு இருந்தால் சாக்ஸ் நிற்காது. அதனால் தோட்டத்துப் பேண்டுக்கு ஒற்றை மடிப்பாக மெல்லிசாக அடிக்கச் சொல்வேன். வெளியே மடித்துவிட்ட மாதிரி பாட்டம் வேண்டவே வேண்டாம், அதற்குள் சேறும் இலையும் சேர்ந்து துவைக்கிறவர்களுக்குத்தான் பாடு.


கோத்தகிரி தையலக்கா எழுதியது:

தேவாலா தம்பி சொன்னது சரி, எந்தச் செருப்புக்கு எந்த நீளம் என்று முதலில் முடிவு செய்துவிட வேண்டும்.

தங்கச்சி, யூனிஃபார்முக்கு உள்ளே விடுகிற துணியை ஒரே மடிப்பாக வைக்காதீர்கள். 3 இன்ச் மிச்சம் இருக்கிறது என்றால், பாட்டத்துக்கு ஒன்றரை இன்ச் மடிப்பு. மீதி ஒன்றரையை அந்த மடிப்பின் உள்துணியிலேயே ஒரு டக்காக, அதாவது துணியைக் கிள்ளி மடித்துத் தைத்து, முக்கால் இன்ச் ஆழத்தில் பிடித்துவிடுங்கள். டக்கை மேல்நோக்கிப் படிய வைத்துத் தேய்த்தால் கனம் ஒரே இடத்தில் சேராது, வெளியேயும் தெரியாது. டக்குக்கு மெஷினில் இருக்கிற பெரிய தையலாகப் போடுங்கள், பிரிக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும். பாட்டம் ஹெம்மிங்கும் கையால்தான். யூனிஃபார்மில் மெஷின் தையல் போட்டு ஒரு வருஷம் துவைத்தால், பிரித்த பிறகும் ஊசி ஓட்டை வரிசையாக நிற்கும்.

மடிப்புக் கோட்டுக்கு வெள்ளை வினிகர் உதவும். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியில் தொட்டுக் கோட்டில் தடவி, மேலே ஈரத்துண்டு போட்டு அழுத்தித் தேய்த்தால் மடிப்பு எழும்பிவிடும். முதலில் உள்பக்கம் ஒரு மூலையில் தடவி, சாயம் போகிறதா என்று பாருங்கள். கோட்டில் துணி வெளுத்துப் போயிருந்தால் எதைத் தடவினாலும் நிறம் திரும்பாது, அழுக்கு பிடித்து நிற்கிற கோடு என்றால் தேய்ப்பதற்கு முன்னால் சோப்பு போட்டு எடுத்துவிடுங்கள், சூடு பட்டால் அது அப்படியே தங்கிவிடும். யூனிஃபார்ம் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த துணிதான், நிறம் சீக்கிரம் போகாது. இருந்தாலும் வெளுத்த கோடு வந்துவிட்டால் அதே நிற நூலில் அந்தக் கோட்டின் மேலேயே சுற்றி ஒரு வரித் தையல் போடுங்கள், இரண்டு காலுக்கும் போட்டால் அது மாடல் ஆகிவிடும்.

இன்னொன்று, மிச்சமாகிற ஜீன்ஸ் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். குதிகால் படும் இடத்தில் பாட்டத்தின் உள்பக்கம் விரலளவு அகலத்தில் ஒரு பட்டியாக வைத்து அடித்தால், ஷூ உரசுவது அந்தப் பட்டியோடு போகும். கறுப்பு பேண்டுக்கு ஜீன்ஸ் கனம், அதற்குக் கறுப்பு நாடா வாங்கி வையுங்கள்.

ஜீன்ஸின் இடுப்புப் பட்டி காய்ந்துவிட்டதா என்று கையால் அழுத்திப் பார்த்துவிட்டு அளங்கள்.